உப்புக் காற்றுக்கு ஈடுகொடுக்கும் சைக்கிள் ஒன்று செய்யுங்கள்: தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

இலங்கையில் சைக்கிள் தயாரிக்கும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். ஐரோப்பாவுக்கே சைக்கிள் ஏற்றுமதி செய்யும் நாடு இது. ஆனால் கொழும்பில் கடலோரம் குடியிருக்கும் எங்கள் சைக்கிள்கள் கறளிலேயே செத்துப்போகின்றன. உறுதி கூடிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாயில், அன்றாடப் பாவனைக்கு ஏற்ற ஒரு பிரேமை இங்கேயே செய்து விற்க முடியுமா என்று கேட்கத்தான் இந்த மடல்.

எனக்கு வெள்ளவத்தையில், மரைன் டிரைவ் பக்கம் வீடு. தண்டவாளத்தைத் தாண்டினால் கடல். தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கினால் ஜன்னல் கம்பி, கேட் கொண்டி எதையும் உப்பு விட்டுவைக்காது. சைக்கிளில் மோசமான கறள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் பிடிக்கிறது. மழைத் தண்ணீர் சீட் கம்பி வழியாக உள்ளே இறங்கி, பெடல் அச்சு சுழலும் கூட்டில் தேங்கி நிற்கும். வெளியே பெயின்ட் பளபளக்கும். உள்ளே குழாய் கரைந்துகொண்டிருக்கும். என் பழைய சைக்கிளை (யார் செய்தது என்பது இப்போது வேண்டாம்) கராஜில் கழற்றியபோது அந்தக் கூட்டிலிருந்து தேத்தண்ணிச் சாயம்போல் தண்ணீர் வடிந்தது, அப்புறம் கறள் செதில் செதிலாகக் கொட்டியது. கராஜ் மெக்கானிக் பாஸ் குழாயை ஸ்க்ரூ டிரைவரால் ஒரு தட்டுத் தட்டினார். நுனி உள்ளே போய்விட்டது.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. பேர்மிங்ஹாமின் ரெனால்ட்ஸ் நிறுவனம் 1935இல் கொண்டுவந்த 531 குழாய் பெயர்போன உருக்கு, ஆனால் கறள் பிடிக்கும். அதே நிறுவனத்தின் 953 ஸ்டெயின்லெஸ் வகை. இழுவலிமை, அதாவது இழுத்தால் அறுந்துபோகுமுன் தாங்கும் அளவு, 1,750 முதல் 2,050 மெகாபாஸ்கல் வரை போகும், சுவரை 0.3 மில்லிமீற்றர் வரை மெல்லியதாக இழுக்கலாம். இத்தாலியின் கொலம்பஸ் நிறுவனத்திடம் எக்ஸ்சிஆர் என்ற ஸ்டெயின்லெஸ் குழாய் இருக்கிறது. நம் வீட்டு மாடிப்படிக் கைப்பிடிக்குப் போடும் 304 குழாயோ ஏறக்குறைய 200 மெகாபாஸ்கலிலேயே வளையத் தொடங்கிவிடும். ஆகவே பழைய சோனகத் தெருவில் கைப்பிடிக் குழாய் வாங்கிப் பிரேம் செய்யும் யோசனை யாருக்காவது இருந்தால், தயவுசெய்து வேண்டாம்.

அதற்காக 953தான் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. உருக்கு எந்த ரகமானாலும் அதன் விறைப்பு கிட்டத்தட்ட ஒன்றேதான். வலிமை கூடினால் சுவரை மெல்லியதாக்கி எடையைக் குறைக்கலாம், அவ்வளவுதான். மெல்லிய குழாய் பந்தயக்காரருக்குச் சரி. கரியரில் 12.5 கிலோ காஸ் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குள் போகிறவருக்கு அது சரிவராது; கம்பத்தில் இடித்தாலே நெளிந்துவிடலாம். எனக்குப் பிடித்தது ரெனால்ட்ஸ் 921 வகை. குளிர்நிலையில் இழுத்து உறுதியேற்றிய உலோகம், விமானங்களின் ஹைட்ராலிக் குழாய்களுக்குப் பயன்படும் அதே கலவை. குரோமியம் சுமார் 20 சதவீதம் இருப்பதால் உப்புக்கும் நன்றாக ஈடுகொடுக்கும். வலிமை ஏறக்குறைய 1,000 மெகாபாஸ்கல். ஊருக்குள் ஓட்ட அது தாராளம்.

எந்த ஸ்டெயின்லெஸ்ஸும் கடலை முழுக்க வெல்லாது. உப்பிலுள்ள குளோரைட் மேற்பரப்பின் குரோமியம் ஒக்சைட் படலத்தைத் துளைத்து ஊசிமுனைக் குழிகளை உண்டாக்கும், அதிலும் சீட் கம்பியை இறுக்கும் பட்டிக்கு அடியில். விளம்பரத்தில் ‘ஆயுளுக்கும் கறள் இல்லை’ என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். வாரத்துக்கு ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள், போதும்.

வேலைக்கு ஆள் கிடைக்குமா? கொழும்பில் ஸ்டெயின்லெஸ் கேட்டும் கைப்பிடியும் செய்யாத தெரு எது! டிக் வெல்டிங்கில் கை தேர்ந்தவர்கள் ஏராளம். பழக்க வேண்டியது ஒன்றுதான். கைப்பிடி செய்யும்போது குழாயின் உட்புறம் கருகினாலும் யாரும் கவலைப்படுவதில்லை. சைக்கிள் பிரேமில் அந்தக் கருகல்தான் வெடிப்புக்கு வித்து. காற்றுப் படாமல் காக்கும் ஆர்கன் வாயுவைக் குழாய்க்குள்ளும் ஓடவிட்டபடி ஒட்ட வேண்டும். ஆர்கன் செலவுதான், ஆனால் அங்கே மிச்சம் பிடித்தால் எல்லாம் வீண்.

சைக்கிள் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 4210 சோதனைகள் ஏற்றுமதி செய்கிற உங்களுக்குப் பழகியவை. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் மூலப்பொருள் பொறியியல் துறையே இருக்கிறது, அவர்களையும் கூப்பிடுங்கள். பெயின்ட் அடிக்காத பிரேம் ஒன்றை மே முதல் செப்டெம்பர் வரை கடலோர மொட்டைமாடியில் தொங்கவிட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டு மொட்டைமாடியைத் தரத் தயார்.

விலை கூடும், தெரியும். 2022இல் பெற்றோல் வரிசையில் நின்று களைத்துச் சைக்கிளுக்கு மாறியவர்களில் பலர் இன்னும் ஓட்டுகிறார்கள். சில வருடத்துக்கு ஒன்று வாங்கி எறிவதைவிட இரட்டிப்பு விலை கொடுத்து ஒன்றை வைத்துக்கொள்ள அவர்களில் எத்தனை பேர் தயார் என்று கேட்டுப் பார்த்தீர்களா? முதலில் சின்ன எண்ணிக்கையில் செய்யுங்கள், முன்பதிவு எடுங்கள், விலையை வெளிப்படையாகச் சொல்லுங்கள். முதல் நாளே என் பெயரைப் பதிந்துகொள்கிறேன். பிரேம் மட்டும் போதும், சில்லுகள் என்னிடம் இருக்கின்றன.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து சைக்கிளில் வேலைக்குப் போகும் ஒருவர்