எங்கள் சின்சில்லாக்களுக்காகக் கண்விழித்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

வணக்கம். ஒரே வீட்டின் பின்னறையிலிருந்து மீட்டுவந்த சின்சில்லாக்களில் (அடர்ந்த மென்முடி கொண்ட, கொறித்துத் தின்னும் சிறு வளர்ப்பு விலங்குகள் இவை) பெரும்பாலானவை இப்போது புதிய வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. இந்த வேலையில் தோள்கொடுத்தவர்கள் பலர். ஒருவர் செய்தது இன்னொருவருக்குத் தெரியாமலேயே பல உதவிகள் நடந்தேறின. அவற்றை எல்லோரும் அறியும்படி எழுதிவைப்பது எங்கள் கடமை. பெயரைப் போட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால், எவர் பெயரும் இந்த மடலில் இல்லை.

எங்கள் முதல் நன்றி, அவற்றை எங்களிடம் ஒப்படைத்தவருக்கு. இதைப் படித்துச் சிலர் முகம் சுளிக்கலாம்; ஆனால் யோசித்துத்தான் எழுதுகிறோம். இரண்டும் பெண் என்று நம்பி அவர் வாங்கிய ஜோடியில் ஒன்று ஆண். சின்சில்லாவின் சினைக்காலம் ஏறத்தாழ 111 நாட்கள். குட்டி போட்ட உடனேயே தாய் மறுபடியும் சினையாகக்கூடும் என்பதால், ஆணைப் பிரிக்காத கூண்டில் குட்டிகள் பெருகிக்கொண்டே போயின. அதே சமயத்தில் உடல்நலமும் வருமானமும் அவரைக் கைவிட்டன. உதவி தேடி வந்தபோது அவர் எதையும் மறைக்கவில்லை. எது எதன் குட்டி, எது எப்போதிலிருந்து தீனியைக் குறைத்தது, என்ன தீனி போட்டார் என்பதையெல்லாம் உட்கார்ந்து சொன்னார். அந்த விவரங்கள் இல்லாதிருந்தால் எவற்றைச் சேர்த்து வைப்பது, எவற்றைப் பிரிப்பது என்பதே எங்களுக்குப் புரிந்திருக்காது.

அவற்றைப் பிடித்துப் பெட்டியில் ஏற்றிய நண்பர்களின் பொறுமைக்கு அடுத்த நன்றி. பயந்துபோன சின்சில்லாவை அவசரமாகப் பற்றினால், அது கொத்தாக முடியை உதிர்த்துவிட்டுத் தப்பியோடும். அந்த இடத்தில் முடி மறுபடி வளர மாதக்கணக்கில் ஆகும். நண்பர்களோ தரையில் அசையாமல் உட்கார்ந்து, திறந்த பெட்டிக்குள் காய்ந்த புல்லை வைத்து, ஒவ்வொன்றும் தானாக உள்ளே வரும்வரை காத்திருந்தார்கள்.

எங்கள் கால்நடை மருத்துவருக்கு எவ்வளவு எழுதினாலும் தகும். இரையாகும் இனத்தில் பிறந்த உயிர் என்பதால் சின்சில்லா வலியை வெளியே காட்டாது. காட்டும்போது நோய் முற்றியிருக்கும். முத்து என்று நாங்கள் பெயரிட்ட பெண் சின்சில்லா ஓடியாடித்தான் திரிந்தது. ஆனால் அதன் தாடைக்குக் கீழே முடி எச்சிலில் நனைந்து திரிதிரியாக ஒட்டியிருப்பதையும், செம்மஞ்சளாக இருக்க வேண்டிய முன்பற்கள் வெளுத்திருப்பதையும் கண்டவுடனே, மருத்துவர் மயக்க மருந்து கொடுத்துக் கடைவாயைச் சோதித்து எக்ஸ்ரே எடுத்தார். சின்சில்லாவின் பற்கள் எல்லாமே வாழ்நாள் முழுவதும் வளர்பவை. நாரும் முரடுமான புல்லை நாளெல்லாம் அரைத்தால்தான் அவை தேயும். விதையும் உலர்பழமுமே தீனியாக இருந்துவிட்டால், கடைவாய்ப்பல் முள்ளாக நீண்டு கன்னத்தையும் நாக்கையும் குத்தும். முத்துவின் முட்களை மருத்துவர் ராவிச் சரிசெய்தார். நுண்ணுயிர்க்கொல்லி கொடுக்கும்போதும் அவர் காட்டிய எச்சரிக்கையைக் குறிப்பிட வேண்டும்: வாய்வழியாகக் கொடுக்கும் பெனிசிலின், கிளிண்டமைசின் போன்றவை இவற்றின் குடலில் வாழும் நல்ல நுண்ணுயிர்களை அழித்து உயிருக்கே உலை வைத்துவிடும். இன்னொரு முதிய சின்சில்லாவுக்குப் பல்வேர் கண்குழிவரை வளர்ந்துவிட்டிருந்தது. இனி வலியைத் தவிர அதற்கு எதுவும் மிச்சமில்லை என்று எங்களிடம் நேராகச் சொல்லி, கடைசிவரை கூடவே இருந்து, அதை வலியின்றி வழியனுப்பிவைத்தாரே, அதற்கும் அவருக்கு நன்றி.

இரவில் கண்விழித்தவர்களைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். சின்சில்லா சாப்பிடுவதை நிறுத்தினால் அதன் குடலும் நின்றுபோகும். வாந்தி எடுக்கவும் அதனால் முடியாது. ஆகவே புல் தூளைத் தண்ணீரில் குழைத்து, சில மணி நேரத்துக்கு ஒருமுறை சிரிஞ்சில் எடுத்து, வாயின் ஓரமாகத் துளித்துளியாக ஊட்ட வேண்டும். அவசரப்பட்டால் புரையேறும். அலுவலகம் போய் வந்த களைப்போடு முறைவைத்து இதைச் செய்தவர்கள் உண்டு. கல்லூரி மாணவி ஒருவர் தாம் கவனித்துக்கொண்ட ஒவ்வொன்றுக்கும் தனி நோட்டு வைத்து, தினமும் ஒரே நேரத்தில் எடையைக் கிராம் கணக்கில் எழுதியதோடு நில்லாமல், அன்றைய புழுக்கைகளில் ஒன்றை ஒட்டுநாடாவால் பக்கத்தின் ஓரத்தில் ஒட்டியும் வைத்தார். முதல் பக்கங்களில் அது ஒடுங்கிக் கூர்ந்து கருகியிருக்கிறது. பக்கங்கள் நகர நகரப் பருத்து உருண்டு வருகிறது. எடை கூடுவதற்கு முன்பே குடல் தேறிவிட்டதை அந்த நோட்டுதான் எங்களுக்குச் சொன்னது. மருத்துவரும் ஒவ்வொரு முறையும் அதைத்தான் முதலில் கேட்டு வாங்கிப் பார்த்தார்.

கம்பிவலைத் தரையில் நின்று நின்று பல சின்சில்லாக்களின் பாதங்கள் புண்ணாகியிருந்தன. ஆணியும் வண்ணமும் வெளியே தெரியாதபடி, ரசாயனம் ஏற்றாத மரப்பலகைகளால் தரையும் தாவி ஏறத் தட்டுகளும் செய்துகொடுத்த தச்சருக்கு நன்றி. கூலியை அவர் வாங்க மறுத்துவிட்டார். தங்கள் வீட்டின் குளிர்ந்த அறையை முழுதாக ஒழித்துக் கொடுத்த குடும்பத்தாரையும் மறக்க முடியாது. ஒரே மயிர்க்காலிலிருந்து 50-க்கும் மேற்பட்ட முடிகள் கிளம்பும் இந்த உடலுக்குத் தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைக் குளிர்தான் இயல்பு; 25 பாகை செல்சியஸைத் தாண்டினாலே, அதிலும் காற்றில் ஈரம் இருந்தால், ஆபத்து நெருங்கிவிடும். நனைந்தால் எளிதில் காயாத முடி என்பதால் தண்ணீருக்குப் பதில் நுண்ணிய தூளில் புரண்டுதான் இவை குளிக்கும். படர்தாமரை கண்டவற்றுக்குத் தனி அறையும் தனித் தூளும் வைத்து, தொற்று மனிதருக்கும் பரவும் என்று தெரிந்தும் கையுறையோடு தினமும் மருந்திட்ட இருவருக்கு எங்கள் வணக்கம்.

இவற்றைக் காட்டிலேயே விட்டுவிடலாமே என்று சிலர் கேட்டார்கள். ரோமத்துக்காக வேட்டையாடப்பட்டு, காட்டுச் சின்சில்லா இன்று அழியும் நிலையில் உள்ள இனம். 1923-இல் மத்தியாஸ் சாப்மன் என்ற அமெரிக்கச் சுரங்கப் பொறியாளர் சிலியிலிருந்து அமெரிக்காவுக்குக் கொண்டுசென்ற 11 சின்சில்லாக்களின் வழிவந்தவையே இன்று வளர்ப்பில் உள்ளவற்றில் மிகப் பெரும்பாலானவை என்று சொல்வார்கள். தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் பிறந்த இவற்றுக்கு நல்ல வீட்டைத் தவிர வேறு புகலிடம் கிடையாது.

அந்த வீட்டைத் தந்தவர்களுக்கு, 15 ஆண்டுகளுக்கு மேலும் நீளக்கூடிய பொறுப்பு என்று தெரிந்தே முன்வந்ததற்காக நன்றி. முத்துவுக்கு இனி அடிக்கடி பல் சோதனை தேவைப்படும் என்று சொன்னோம்; அதைத் தத்தெடுத்த தம்பதியர், ‘அப்படியானால் மருத்துவரின் அருகிலேயே இருக்கும் எங்கள் வீடுதான் அதற்குச் சரி’ என்றார்கள். ஆசையோடு வந்து, இரவெல்லாம் தாவிக் குதிக்கும், மடியில் அடங்காத, சூடு தாங்காத உயிர் என்பதைக் கேட்டறிந்தபின், எங்களால் இயலாது என்று மனம்விட்டுச் சொல்லி விலகிக்கொண்டவர்களுக்கும் அதே அளவு நன்றி. இன்னொரு மீட்பு நேராமல் தடுத்தவர்கள் அவர்கள்.

அண்ணன் தம்பியான இரண்டு ஆண் சின்சில்லாக்கள் மட்டும் இன்னும் எங்களிடம் இருக்கின்றன. ஒன்றையொன்று பிரிந்து இருந்ததில்லை என்பதால் இரண்டையும் சேர்த்தே கொடுப்போம். அதுவரை தற்காலிகமாக வைத்திருக்கும் அன்பர் அவசரமில்லை என்று சொல்லியிருக்கிறார். இரவலாகத் தந்த கூண்டுகள் கிருமிநீக்கம் செய்து திருப்பித் தரப்படும். பண உதவி செய்த ஒவ்வொருவருக்கும் வரவு செலவுக் கணக்கைத் தனித்தனியே அனுப்பிவைக்கிறோம்.

மிக்க நன்றியுடன்,
மீட்புக் குழுவினர்