‘பிரிண்டர் பிழை’ என்று மட்டும் சொன்னால் போதுமா? பில்லிங் மென்பொருள் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

உணவகங்களுக்கான பில்லிங் மென்பொருளை உருவாக்குபவர்களுக்கும், அதற்கான உதவி மையங்களை நடத்துபவர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் மென்பொருள் ஓடும் கணினிகள் மக்கர் செய்யும்போது நேரில் போய் நிற்கிற ஆட்களில் நானும் ஒருவன். உங்களிடம் ஒரே ஒரு விஷயம்தான் கேட்கப் போகிறேன். கோளாறு வந்த நொடியில் உங்கள் மென்பொருளுக்கு என்ன தெரிகிறதோ, அதைக் கல்லாவில் நிற்பவருக்கும் சொல்லுங்கள்.

சமையலறைக்கு கேஓடி, அதாவது ஆர்டரை அச்சடித்துச் சொல்லும் சீட்டு, போகவில்லை என்று வைத்துக்கொள்வோம். திரையில் ‘பிரிண்டர் பிழை’ என்று ஒரு பெட்டி வரும். கீழே ‘சரி’ என்று ஒரு பொத்தான். எது சரி? அந்த நேரத்தில் உங்கள் மென்பொருளுக்கு இதைவிட எவ்வளவோ தெரியும். நெட்வொர்க் பிரிண்டர் என்றால், பெரும்பாலும் அதன் ஐபி முகவரியில் (நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் உள்ள எண்) 9100 என்ற போர்ட்டை, அதாவது அச்சு வேலைக்கான வாசலைத் தட்டிப் பார்த்திருக்கும். பதிலே வரவில்லை என்றால் பிரிண்டர் அணைந்திருக்கிறது, கேபிள் கழன்றிருக்கிறது அல்லது முகவரி மாறிவிட்டது. இணைப்பு மறுக்கப்பட்டது என்றால் அந்த முகவரியில் ஏதோ ஒரு கருவி விழித்திருக்கிறது, ஆனால் அது நம் பிரிண்டராக இல்லாமலும் இருக்கலாம். இணைப்பு கிடைத்தும் அச்சு வரவில்லை என்றால் பிரிண்டரையே விசாரிக்கலாம். எப்சன் கொண்டுவந்து, இன்று மற்ற நிறுவனங்களும் பின்பற்றும் இஎஸ்சி/பிஓஎஸ் கட்டளைகளில், பேப்பர் தீர்ந்துவிட்டதா, மூடி திறந்திருக்கிறதா என்று கேட்பதற்கே ஒரு கட்டளை இருக்கிறது.

இவை மூன்றும் மூன்று வேறு பழுதுகள். ஒன்றுக்கு பேப்பர் ரோல் மாற்றினால் போதும், கேஷியரே செய்துவிடுவார். இன்னொன்றுக்கு யாராவது சமையலறைக்குப் போய் கேபிளைப் பார்க்க வேண்டும். மூன்றாவதற்குத்தான் என்னைப் போன்றவனைக் கூப்பிட வேண்டும். மூன்றையும் ஒரே வாக்கியத்துக்குள் நீங்கள் அடைத்துவிடுவதால், ரோல் தீர்ந்ததற்கும் எனக்குப் போன் வருகிறது. எனக்கு வரும்படிதான், மறுக்கவில்லை. ஆனால் நான் போய்ச் சேரும்வரை சமையலறைக்கும் கல்லாவுக்கும் நடுவே ஆள் ஓடிக்கொண்டிருக்கிறார்.

முகவரி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் அதிகம் அலைக்கழிப்பது இதுதான். நிறுவ வரும் ஆள் பிரிண்டரை ரவுட்டரில் செருகுவார். ரவுட்டர் தானாகவே ஒரு முகவரி கொடுக்கும். அதை மென்பொருளில் பதிந்துவிட்டு, ஒரு சோதனைச் சீட்டு அடித்துக் காட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார். பல மாதம் ஓடும். ஒருநாள் மின்சாரம் போய் வந்ததும் ரவுட்டர் வேறு முகவரி கொடுத்துவிடும். மென்பொருளோ பழைய முகவரியையே தட்டிக்கொண்டிருக்கும். இதற்கு மருந்து எளிது. பிரிண்டரிலேயே நிலையான முகவரி வைக்கலாம், அல்லது ரவுட்டரில் அந்த பிரிண்டருக்கென்று ஒரு முகவரியை ஒதுக்கி வைக்கலாம். உங்கள் நிறுவல் கையேடுகளில் இது ஏதோ ஒரு பிற்சேர்க்கையில் கிடக்கிறது. முதல் பக்கத்தில் இருக்க வேண்டியது.

இதைவிடக் கொடுமையான ஒன்று உண்டு. கூட்டம் வந்தால் மட்டும் பிரிண்டர் மக்கர் செய்யும். கடை காலியாக இருக்கும்போது சோதித்தால் ஒரு குறையும் இருக்காது. உதவி மையத்தைக் கேட்டால் ‘லோடு அதிகம், கணினியை மாற்றுங்கள்’ என்பார்கள். இப்படிப்பட்ட கடைக்குப் போனால் நான் முதலில் பார்ப்பது வாடிக்கையாளர்களுக்கான வைஃபையைத்தான். அதுவும் பில்லிங்கும் ஒரே நெட்வொர்க்கில் இருக்கும். பிரிண்டருக்குக் கையால் வைத்த முகவரி, ரவுட்டர் மற்றவர்களுக்குப் பங்கிடும் முகவரிகளின் வரம்புக்குள்ளேயே இருக்கும். பத்துப் பேர் இருக்கும்வரை பிரச்சினை இல்லை. இருக்கைகள் நிரம்பினால் யாரோ ஒருவருடைய மொபைலுக்கு அதே முகவரி போய்விடும். கேஓடி சிலசமயம் பிரிண்டருக்குப் போகும், சிலசமயம் அந்த மொபைலைத் தேடிப் போய்த் தோற்கும். அவர் சாப்பிட்டுக் கிளம்பியதும் எல்லாம் சரியாகிவிடும். புதுக் கணினி வாங்கி இது தீராது. இணைப்பு மறுக்கப்பட்ட நேரத்தையும் முகவரியையும் மென்பொருள் பதிந்து காட்டியிருந்தால், எங்கே தேட வேண்டும் என்று உதவி மையத்தில் இருப்பவருக்கே தெரிந்திருக்கும்.

அப்புறம், ‘ரீஸ்டார்ட் செய்து பாருங்கள்’. காய்ச்சலுக்கும் கால் முறிவுக்கும் ஒரே மாத்திரை கொடுப்பது போல, எதைச் சொல்லிப் போன் செய்தாலும் முதலில் கிடைப்பது இதுதான். பல நேரம் பலன் தருகிறது என்பது உண்மை. ஆனால் உணவகத்தில் அதற்கு ஒரு விலை இருக்கிறது. விண்டோஸின் அச்சு வரிசையில் தேங்கி நின்ற சீட்டுகள் ரீஸ்டார்ட் ஆனதும் மொத்தமாக வெளியே வந்து விழும். அதற்குள் கேஷியர் அதே ஆர்டர்களை மறுபடி அனுப்பியிருப்பார். சமையலறை எல்லாவற்றையும் இரண்டிரண்டாகச் செய்யத் தொடங்கிவிடும். எல்லாப் பில்களும் பதிவாகும் சர்வர் கணினியைப் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்திருந்தால், அதிலுள்ள டேட்டாபேஸ் பாதியில் நின்ற பதிவுகளைச் சரிபார்த்து முடிக்கும்வரை எந்த டெர்மினலும், அதாவது பில் போடும் எந்தக் கணினியும், திறக்காது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அணைத்துப் போட்டால் இன்னொரு வேடிக்கை. ரவுட்டர் முழுதாக எழுவதற்குள் கணினி எழுந்துவிடும், முகவரி கேட்டுப் பதில் கிடைக்காமல் 169.254 என்று தொடங்கும் ஒன்றைத் தானே சூட்டிக்கொள்ளும். ஆரம்பத்தில் இல்லாத பழுது இது. ரீஸ்டார்ட்தான் வழி என்றால் வரிசையையாவது சொல்லுங்கள்: முதலில் ரவுட்டரும் நெட்வொர்க் ஸ்விட்சும், அவை நிலைக்கு வந்ததும் பிரிண்டர்கள், பிறகு சர்வர், கடைசியில் டெர்மினல்கள்.

கடிகாரம் இன்னொன்று. மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டால், இரவில் மெயினை அணைத்துவிட்டுப் போகிற கடைகளில் காலையில் கணினியின் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். தேதி தவறினால் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாததாகத் தெரியும், இணையத்தின் அந்தப் பக்கம் இருக்கும் உங்கள் கிளவுட் சர்வருடன் இணைப்பு உண்டாகாது. மென்பொருள் சொல்வது என்ன? ‘இணையம் இல்லை’. பக்கத்திலேயே மொபைலில் வீடியோ ஓடிக்கொண்டிருக்கும். ‘கணினியின் தேதி தவறு’ என்று ஒரு வரி காட்டினால் அந்தக் காலைப் பொழுது தப்பிக்கும்.

டேட்டாபேஸும் இப்படித்தான். மைக்ரோசாஃப்ட்டின் இலவச எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸில், 2008 ஆர்2 முதல் 2022 பதிப்பு வரை ஒரு டேட்டாபேஸ் 10 ஜிபிக்கு மேல் வளர முடியாது. வருடக்கணக்கில் ஓடிய கடையில் ஒருநாள் பில் சேமிக்க மறுக்கும். அது முன்னறிவிப்பு இல்லாமல் வரும் விபத்தே அல்ல. 8 ஜிபி தாண்டியபோதே உங்கள் மென்பொருள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

மென்பொருளுக்கே தெரிய வழியில்லாத பழுதுகளும் உண்டு, அதையும் ஒப்புக்கொள்கிறேன். சீட்டு வெற்றாக வந்தால் ரோலைத் தலைகீழாகப் போட்டிருக்கலாம். தெர்மல் பேப்பரில் பெரும்பாலும் ஒரு பக்கம்தான் பூச்சு இருக்கும், நகத்தால் கீறினால் கறுப்புக் கோடு விழுகிற பக்கம்தான் அச்சு விழும் பக்கம். கல்லாப் பெட்டி திறக்கவில்லை என்று போன் வரும். அந்தப் பெட்டியின் கேபிள் பல கடைகளில் கணினிக்குப் போவதில்லை, பில் பிரிண்டரின் பின்னால் போகிறது. பிரிண்டர் அனுப்பும் மின்துடிப்பில்தான் பெட்டி திறக்கிறது. பிரிண்டர் அணைந்திருந்தால் பெட்டியும் திறக்காது. அடுப்புப் பக்கம் தெர்மல் பிரிண்டர் வைத்தால் சூட்டில் சீட்டே கறுத்துப் போகும், அங்கே ரிப்பன் போட்டு அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ்தான் சரி. இதையெல்லாம் மென்பொருள் கண்டுபிடிக்க வேண்டாம். உதவி மையத்தில் போனை எடுப்பவருக்குத் தெரிந்திருந்தால் போதும்.

அவர் கேட்க வேண்டிய முதல் கேள்விகளும் அதிகமில்லை. ஒரு டெர்மினலிலா, எல்லாவற்றிலுமா? ஒரு பிரிண்டரா, எல்லாமா? நேற்று இருந்ததில் இன்று எது மாறியது? ஒரு டெர்மினலில் மட்டும் என்றால் சர்வரைத் தொடவே வேண்டாம். எல்லாவற்றிலும் என்றால் அந்த ஒற்றை டெர்மினலின் கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகுவது வீண். மூன்றாவது கேள்விக்கு ‘ஒன்றும் மாறவில்லை’ என்றுதான் பதில் வரும். இரண்டாம் முறை கேட்டால் ‘ரவுட்டரை மட்டும் மாற்றினோம்’ என்பார்கள்.

கிளவுட் பில்லிங் விற்பவர்களுக்குத் தனியாக ஒன்று. 2024 மார்ச் 15 அன்று மெக்டொனால்ட்ஸின் கணினி அமைப்பு பல நாடுகளில் முடங்கியது. சைபர் தாக்குதல் இல்லை, வெளி நிறுவனம் ஒன்று அமைப்பு மாற்றம் செய்தபோது வந்த கோளாறு என்று அந்த நிறுவனமே விளக்கம் சொன்னது. அதே ஆண்டு ஜூலை 19-ல் க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் பழுதான அப்டேட் ஒன்று சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நிறுத்தியது. கடைக்காரர் எந்தத் தப்பும் செய்யாமலே கடை நிற்கலாம் என்பது நிரூபணமாகிவிட்டது. உங்கள் விளம்பரத்தில் ‘இணையம் இல்லாமலும் பில் போடலாம்’ என்று இருக்கிறது. சில மென்பொருள்களில் அது லாக்அவுட் ஆகாதவரைதான் உண்மை. மறுபடி உள்ளே நுழைய இணையம் வேண்டும். இந்த நிலையில் உதவி மையம் ரீஸ்டார்ட் செய்யச் சொன்னால், ஓடிக்கொண்டிருந்த கல்லாவையும் பூட்டிவிட்டது என்று அர்த்தம். விற்கும்போதே இந்த நிபந்தனையைச் சொல்லிவிடுங்கள். முடிந்தால் நிபந்தனையையே எடுத்துவிடுங்கள்.

கல்லா இயந்திரத்துக்கு 1879-ல் காப்புரிமை வாங்கிய ஜேம்ஸ் ரிட்டி, அமெரிக்காவின் டேட்டன் நகரில் மதுக்கடை நடத்தியவர். தன் கடையில் காசு எப்படிக் காணாமல் போகிறது என்று பார்த்துவிட்டுத்தான் அந்த இயந்திரத்தைச் செய்தார். உங்களைக் கடை நடத்தச் சொல்லவில்லை. உங்கள் நிரலாளர்கள் ஒரே ஒரு நெரிசல் நேரம் கல்லாவுக்குப் பின்னால் வந்து நின்றால், பிழைச் செய்திகளைத் தாங்களே திருத்தி எழுதுவார்கள்.

நான் கேட்பது ஒரே ஒரு நிலைப் பக்கம். ஒவ்வொரு பிரிண்டரும் எங்கே இருக்கிறது, அதன் முகவரி, கடைசியாக எப்போது பதில் சொன்னது, பேப்பர் இருக்கிறதா, சர்வரில் எவ்வளவு இடம் மிச்சம், கணினியின் தேதி சரியா, கடைசி பேக்கப் எப்போது. பிழை எண் இருந்தால் இருக்கட்டும், அது எனக்கு உதவும். அதற்கு மேலே, கேஷியர் படித்ததும் எழுந்து போய்ச் செய்யக்கூடிய ஒரு வாக்கியம் இருக்க வேண்டும்: ‘சமையலறை பிரிண்டரில் பேப்பர் இல்லை’ என்கிற மாதிரி. அந்தப் பக்கம் கடையின் மொழியில் இருக்கட்டும். அதைத் திறக்க அட்மின் கடவுச்சொல் கேட்காதீர்கள். நெரிசல் நேரத்தில் அந்தக் கடவுச்சொல் தெரிந்தவர் கடையில் இருக்க மாட்டார்.

அன்புடன்,
ஒரு சர்வீஸ்காரன்