நாலாம் ஜாமத்தில் வந்தவர்களுக்கு

வியாசர்பாடியில் எங்கள் தெருக்காரர்களுக்கும், காசிமேட்டு அண்ணன்களுக்கும், எங்கள் சபையாருக்கும் வணக்கம்.

2023 டிசம்பர் 3, கிறிஸ்துமஸுக்கு முன் வரும் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. அன்றுதான் வாசலில் காகித நட்சத்திரம் கட்டினேன். மறுநாள் மிக்ஜாம் புயல் மழையில் கழிவறை வழியாகத் தண்ணீர் பொங்கி வந்தது. சாயங்காலத்துக்குள் இடுப்பளவு. கரண்ட் இல்லை, போனில் சிக்னல் இல்லை. அம்மாவுக்கோ ஆஸ்துமா.

எதிர் வீட்டு பாய்தான் அம்மாவைத் தன் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனார். கைக்குழந்தை இருக்கிற வீடு அது. ஆனாலும் ஃபேனை நிறுத்திவிட்டு, இன்வெர்ட்டரில் மிச்சமிருந்த சார்ஜை அம்மாவின் நெபுலைசருக்கே வைத்துக்கொண்டார்கள். அதை எப்படி மறப்பேன்?

நள்ளிரவில் அதுவும் நின்றுபோனது. அம்மாவின் மூச்சு விசில் மாதிரி கேட்டது. எனக்கு ஜெபிக்க வார்த்தை வரவில்லை. "இயேசுவே" என்பதோடு நின்றுவிடும். பக்கத்தில் பாய் வீட்டம்மா துவா செய்துகொண்டிருந்தார்கள்.

எதிர்காற்றில் துடுப்பு வலிக்க முடியாமல் சீஷர்கள் தவிப்பதை இயேசு கரையிலிருந்தே பார்க்கிறார் என்று மாற்கு சுவிசேஷம் சொல்கிறது. கடல்மேல் நடந்து வருவதோ நாலாம் ஜாமத்தில், அதாவது விடியற்காலை மூன்று மணிக்கு மேல். ஏன் இவ்வளவு நேரம் என்றுதான் சின்ன வயதிலிருந்தே கேட்டிருக்கிறேன். அன்று இரவு, 'பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்' என்ற ஒன்றையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பயம் போகவில்லை. ஆனால் நாங்கள் தனியாக இல்லை என்று தெரிந்தது.

நாலரை மணி இருக்கும். தெருவில் டார்ச் வெளிச்சம். ஃபைபர் போட்டோடு காசிமேட்டு அண்ணன்கள் மூன்று பேர். அம்மாவை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, நைலான் கயிற்றால் இடுப்பைச் சுற்றிக் கட்டி, படிப்படியாக இறக்கினார்கள். கீழே தண்ணீரில் நின்று நாற்காலிக் காலைத் தோளில் வாங்கிய அண்ணன் சொன்னார்: "ஆயா, பயப்படாத. நான் புடிச்சிக்கினுதான் இருக்கேன்." அந்தக் குரலில் நான் யாரைக் கேட்டேன் என்பது எனக்குத் தெரியும்.

அண்ணன்களே, பணம் கொடுத்தபோது கையைத் தள்ளிவிட்டீர்கள். ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு உடனே ஆக்சிஜன் வைத்த நைட் டியூட்டி சிஸ்டருக்கும், இரண்டு நாள் எங்கள் வீட்டுச் சேற்றை வாரிக்கொட்டிய சபை வாலிபர்களுக்கும் மனமார்ந்த நன்றி.

அண்ணன்களே, அவசரத்தில் உங்கள் பெயரைக்கூடக் கேட்கவில்லை. அந்த நைலான் கயிறு எங்கள் வீட்டில்தான் இருக்கிறது, துவைத்துக் காயவைத்திருக்கிறேன். பாயிடம் கேட்டால் வீட்டைக் காட்டுவார். அம்மா உங்களைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.