டேட்டாபேஸ் இல்லாமல் பில்

அன்புள்ள செந்தில்,

கடிதம் கிடைத்தது. ஒரு பில் ரிப்போர்ட்டுக்காக எஸ்க்யூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸ் மென்பொருளை நிறுவ வேண்டுமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். மைக்ரோசாஃப்டின் நிரல் தளமான டாட்நெட்டில் உள்ள டேட்டாசெட் போதும், பல டேபிள்களைச் சேர்த்து வைக்கும் பெட்டி அது. அத்தனையும் மெமரியிலேயே நிற்கும். வாடிக்கையாளருக்குள் பில், பில்லுக்குள் வரி என்று கிளைவிடும் மரத்தைச் சுற்றி வருவது மட்டும்தான் வேலை என்றால் கிளாஸுக்குள் லிஸ்ட் வைப்பதே லேசு. திரையில் கட்டம் கட்டமாகக் காட்டும் உன் கிரிடும் ரிப்போர்ட்டும் டேபிள் கேட்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

வாடிக்கையாளர், பில், பில்வரி (பில்லில் உள்ள ஒவ்வொரு லைன், டாக்ஸ் அல்ல) என்று மூன்று டேட்டாடேபிள், இடையில் அவற்றை இணைக்கும் இரண்டு டேட்டாரிலேஷன். இணைக்கும் இரு காலம்களின் (column, நெடுவரிசை) டைப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். டைப் சொல்லாமல் காலம் சேர்த்தால் அது ஸ்ட்ரிங்காகிவிடும் (எழுத்து). மறுபக்கம் இன்ட் (முழு எண்) இருந்தால் ரிலேஷன் போடும்போதே எரர்.

ஐடியை ஆட்டோஇன்க்ரிமென்ட் (தானே ஏறும் எண்) ஆக்கிவிடு. புது ரோ தரும் நியூரோவை அழைத்ததுமே எண் கிடைத்துவிடும், அதை அப்படியே வரிகளில் போடலாம். ஆனால் பில்லை டேபிளில் சேர்த்த பிறகே வரிகளைச் சேர்க்க வேண்டும். ரிலேஷன் போட்டவுடன் ஃபாரின் கீ கட்டுப்பாடும் (பெற்றோர் டேபிளில் இல்லாத ஐடியைப் பிள்ளை டேபிளில் ஏற்காத விதி) தானாக வந்து உட்கார்ந்துகொள்வதுதான் காரணம். வரிசை கலைந்த டேட்டா என்றால் இந்த விதிகளைச் சோதிக்கும் என்ஃபோர்ஸ்கன்ஸ்ட்ரெய்ன்ட்ஸை ஃபால்ஸ் ஆக்கி ஏற்றிவிட்டு, பிறகு ட்ரூ ஆக்கு. அப்போது வரும் எரர் எந்த ரோ என்று சொல்லாது, மொட்டையாக இருக்கும். ஒவ்வொரு டேபிளிலும் கெட்எரர்ஸ் அழைத்தால் பிழையுள்ள ரோக்கள் கிடைக்கும், அவற்றின் ரோஎரரைப் படி. குற்றவாளி அங்கே இருப்பான்.

சரக்கு வகைகளை ஒரே டேபிளில் மரமாக வைக்கப் போகிறாய் அல்லவா? தன்னோடு தானே ரிலேஷன் போடலாம். உச்சியில் உள்ள வகைக்குப் பேரன்ட்ஐடியாக (மேலே உள்ள வகையின் ஐடி) 0 போடாதே. 0 என்று ஒரு ரோ இல்லாததால் ஏற்காது. மதிப்பே இல்லை என்பதைக் குறிக்கும் டிபிநல் வை, அதற்குச் சோதனை கிடையாது.

பில்லின் மொத்தத்துக்கு லூப் வேண்டாம். மொத்தம் என்ற காலமின் எக்ஸ்பிரஷனில் (கணக்கு வாய்பாடு) சம், சைல்ட், அதாவது பிள்ளை ரோக்களின் கூட்டல், எழுதினால் வரி மாறும்போதெல்லாம் தானே கூட்டிக்கொள்ளும். வரியே இல்லாத பில்லுக்கு 0 வராது, நல்தான் வரும். நல்லுக்குப் பதில் 0 தரும்படி இஸ்நல் சுற்றி எழுது. இல்லையேல் டெசிமலாக (தசம எண்) மாற்றும் இடத்தில் எரர் வந்து விழும்.

அழிப்பதில் கவனம். ஃபாரின் கீ கட்டுப்பாட்டின் டெலீட்ரூல் (அழிக்கும் விதி) முதலிலிருந்தே கேஸ்கேடில் இருக்கும்: வாடிக்கையாளரை அழித்தால் பில்லும் வரியும் சேர்ந்தே போகும். நன் (None) என்று மாற்றினால், பிள்ளை உள்ள ரோவை அழிக்கவிடாமல் எரர் தரும். கணக்கு விஷயம், எனக்கு நன்தான் பிடிக்கும்.

எக்ஸ்எம்எல் ஃபைலாகச் சேமிக்க ரைட்எக்ஸ்எம்எல் இருக்கிறது. அதற்கு முன் இரண்டு ரிலேஷனிலும் நெஸ்டட் (ஒன்றுக்குள் ஒன்று) ட்ரூ வை. மறந்தால் வரிகள் பில்லுக்குள் போகாமல் கடைசியில் தனியாகக் கிடக்கும்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
முரளி