ஏலம் விடுமுன் ஒருமுறை சோதித்துப் பாருங்கள்: உயர் அதிர்வெண் அளவைக் கருவிகள் குறித்து ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்
கல்லூரியின் முன்னாள் மாணவர்,
மின்னணு அளவைக் கருவிகள் பழுதுபார்ப்பவர்.
(பெயர், முகவரி, கைபேசி எண் தனித்தாளில்)

பெறுநர்
உயர்திரு ஆணையர் அவர்கள்,
தொழில்நுட்பக் கல்வி இயக்ககம்,
கிண்டி, சென்னை – 600 025.

பொருள்: அரசினர் பாலிடெக்னிக் கல்லூரி – மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை ஆய்வகம் – பழுதான ஸ்பெக்ட்ரம் அனலைசர், சிக்னல் ஜெனரேட்டர் – கழிவு செய்து ஏலம் விடுவதை நிறுத்திவைத்துப் பழுது நீக்க ஆணையிட வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். தனித்தாளில் குறிப்பிட்டுள்ள கல்லூரியில் மின்னணுவியல் பட்டயம் படித்தவன் நான். ஆஸிலோஸ்கோப், சிக்னல் ஜெனரேட்டர் (சோதனைச் சிக்னலை உண்டாக்கும் கருவி), ஸ்பெக்ட்ரம் அனலைசர் (சிக்னலில் எந்த அதிர்வெண் எவ்வளவு வலிமையில் இருக்கிறது என்று காட்டும் கருவி) போன்றவற்றைப் பழுது பார்ப்பதே இப்போது என் தொழில். அண்மையில் கல்லூரி அறிவிப்புப் பலகையில் கழிவுப் பொருள் ஏலப் பட்டியல் ஒட்டப்பட்டிருந்தது. கால் உடைந்த மேசைகள், ஓடாத மின்விசிறிகளுக்கு நடுவே 1.8 கிகாஹெர்ட்ஸ் வரை அளக்கும் ஸ்பெக்ட்ரம் அனலைசர் ஒன்றும், 1 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் ஜெனரேட்டர் ஒன்றும் அதில் இருந்தன. காரணம் என்ற கட்டத்தில் "ஆர்.எஃப். பகுதி செயலிழந்தது, பழுது நீக்க இயலாது" என்று எழுதியிருந்தார்கள். ஆர்.எஃப். பகுதி என்பது உயர் அதிர்வெண் சிக்னலைக் கையாளும் பகுதி. அந்தக் காரணம் தவறு. அதை ஆதாரத்தோடு காட்டவே இந்த மனு.

அனலைசர் எப்படிப் பழுதானது என்று துறையில் கேட்டறிந்தேன். மாணவர்களின் செயல்திட்டத்துக்காக ஒரு கையடக்க வயர்லெஸ் செட் வந்திருக்கிறது. அதன் ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு, அந்த இடத்திலிருந்து கேபிளை நேராக அனலைசரின் உள்ளீட்டில் மாட்டி, பேசும் பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள். அந்த வகை செட் 5 வாட் வரை வெளியிடும்; 1 மில்லிவாட்டை அடிப்படையாகக் கொண்ட டெசிபெல் கணக்கில் 37 டிபிஎம். அனலைசரின் உள்ளீடு தாங்குவதோ அதிகபட்சம் 30 டிபிஎம், அதாவது 1 வாட். இந்த எல்லை கருவியின் முகப்பிலேயே அச்சிட்டிருக்கிறது. ஆனால் டிபிஎம்மை வாட்டாக மாற்றிப் பார்க்கும் பழக்கம் இரண்டாம் ஆண்டு மாணவருக்கு வந்திருக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. சொல்லப்போனால் அவர் கவனமாகவே இருந்திருக்கிறார். பெரிய சிக்னல் வரும் என்று எண்ணி ரெஃபரன்ஸ் லெவலை, அதாவது திரையின் உச்சிக்கோடு குறிக்கும் அளவை, உயர்த்தி வைத்திருக்கிறார். அதனால்தான் கருவி பிழைத்தது. எப்படி என்று சொல்கிறேன்.

இந்தக் கருவியில் உள்ளீட்டை அடுத்து முதலில் நிற்பது, வரும் சிக்னலைக் குறைத்து அனுப்பும் அட்டெனுவேட்டர். அதற்குள் 10, 20, 40 டெசிபெல் என மூன்று தடுப்புகள் உண்டு. எந்தத் தடுப்பைச் சேர்ப்பது, எதை விலக்குவது என்பதைச் சிறு மின்காந்த ஸ்விட்சுகள் முடிவு செய்யும். ரெஃபரன்ஸ் லெவல் உயர்ந்திருந்ததால் அன்று 10ம் 20ம் சேர்ந்து 30 டெசிபெல் தடுப்பு இருந்திருக்கிறது. முதலில் நின்ற 10 டெசிபெல் தடுப்பின் மெல்லிய படல மின்தடைகள் 5 வாட்டில் நாலரை வாட்டைத் தாங்க முயன்று கருகிவிட்டன. ஆனால் அதற்குப் பின்னால் இருந்து சிக்னலின் அதிர்வெண்ணை மாற்றும் மிக்சருக்கு எட்டியது 5 மில்லிவாட்டுக்கு மேல் இருக்க முடியாது. விலை மதிப்புள்ள பகுதிகள் எல்லாம் மிக்சரிலிருந்துதான் தொடங்குகின்றன.

இது என் ஊகம் மட்டும் அல்ல. முதல்வரின் அனுமதி பெற்று, துறைத்தலைவர் முன்னிலையில், கருவியின் ஒரு திருகாணியைக்கூடத் தொடாமல் ஒரு சோதனை செய்தோம். கருவியின் முகப்பிலேயே 300 மெகாஹெர்ட்ஸில் மைனஸ் 20 டிபிஎம் அளவுள்ள சரிபார்ப்புச் சிக்னல் வெளிவருகிறது. அதை ஒரு சிறு கேபிளால் உள்ளீட்டுக்குக் கொடுத்து, அட்டெனுவேட்டரைப் படிப்படியாக மாற்றினோம். நல்ல நிலையிலுள்ள கருவியில் தடுப்பை எவ்வளவு கூட்டினாலும் சிக்னலின் உச்சி இருந்த இடத்திலேயே நிற்கும். குறைந்ததைக் கருவி உள்ளே ஈடுகட்டிக்கொள்ளும். அடியிலுள்ள இரைச்சல் மட்டம் மட்டும் படிக்குப் பத்து டெசிபெல் ஏறும். எங்கள் சோதனையில் 0, 20, 40, 60 ஆகிய படிகளில் உச்சி மைனஸ் 20ஐ விட்டு அசையவில்லை. 10, 30, 50 ஆகிய படிகளில் மட்டும் இருபது டெசிபெல்லுக்கும் மேல் சரிந்தது. இந்த மூன்று படிகளுக்கும் பொதுவானது அந்த 10 டெசிபெல் தடுப்பு ஒன்றுதான். தடுப்பே இல்லாத பூஜ்யப் படியில் சரியாகக் காட்டுகிறது என்றால் மிக்சர், அதற்கு அலை ஊட்டும் லோக்கல் ஆஸிலேட்டர், மிக்சரிலிருந்து வரும் சிக்னலைப் பெருக்கும் ஐ.எஃப். பகுதி, திரை, பவர் சப்ளை எல்லாம் நலம் என்று பொருள்.

கருவியை ஆன் செய்ததும் அட்டெனுவேட்டர் தானாகவே 10ல் போய் நிற்கும். ஆய்வு செய்யப்பட்ட நாளில் ஆன் செய்து, சிக்னல் சிறுத்திருப்பதைப் பார்த்து, "ஆர்.எஃப். போயிற்று" என்று எழுதிவிட்டிருக்க வேண்டும். கையால் 20க்கு மாற்றினால் இன்றைக்கே இந்தக் கருவியில் வகுப்பு நடத்தலாம். வாசற்கதவு உடைந்ததற்காக வீட்டை விற்பது போன்ற முடிவு இது.

உற்பத்தி நிறுவனத்தின் சேவைப் பிரிவிடமிருந்து வந்த பதிலும் கோப்பில் இருக்கிறது. "இம்மாடலுக்கான ஆதரவுக் காலம் முடிந்துவிட்டது" என்பதோடு புதிய கருவிக்கான விலைப்புள்ளியும் அதில் இணைக்கப்பட்டிருக்கிறது. அதைப் பழுது அறிக்கையாக எடுத்துக்கொண்டதில்தான் சிக்கல். அங்கே யாரும் கருவியைப் பார்க்கவே இல்லை. வணிக நிறுவனம் அப்படித்தான் பதில் சொல்லும், அதில் தவறு காண முடியாது. அதை மட்டும் நம்பி அரசுச் சொத்தைக் கழிவு செய்யலாமா என்பதே என் கேள்வி.

பழுது நீக்குவது சுலபம் என்றும் நான் சொல்லவில்லை. கருகிய தடுப்பில் சாதாரண மின்தடையை வைத்து ஒட்டுப்போட்டால் 100 மெகாஹெர்ட்ஸில் சரியாகத் தோன்றும். அதிர்வெண் ஏற ஏற அளவு தவறும். எனவே அட்டெனுவேட்டரை முழுமையாக மாற்றுவதே முறை. அதே மாடலின் பழைய கருவியிலிருந்து கழற்றியது போதும். உள்ளிருக்கும் விறைப்பான செப்பு கேபிள்களை வளைக்காமல் கழற்றி, இணைப்பிகளை டார்க் ரெஞ்ச் (குறித்த அளவுக்கு மட்டும் முடுக்கும் திருகுசாவி) கொண்டு முடுக்கி, பின்பு அதிர்வெண் முழுக்கப் பவர் மீட்டரோடு ஒப்பிட்டுத் திருத்த எண்களைப் பதிய வேண்டும். கடைசியாக, மத்திய அரசின் எஸ்.டி.க்யூ.சி. எனும் மின்னணுத் தரச்சோதனை அமைப்பின் கீழ்ச் சென்னையில் இயங்கும் மின்னணுச் சோதனை மற்றும் மேம்பாட்டு மையம் போன்ற ஓரிடத்தில் கேலிப்ரேஷன் (அளவு சரிபார்ப்பு) சான்று பெறலாம். எவர் பழுது நீக்கினாலும் அந்தச் சான்று வந்த பிறகே பணம் கொடுங்கள்.

இதில் அவசரமும் உண்டு. இந்தக் கால அனலைசர்களில், அந்தந்தக் கருவிக்கென்று தொழிற்சாலையில் அளந்து பதிந்த திருத்த எண்கள் ஒரு சிறு லித்தியம் பேட்டரியின் தயவில் நினைவகத்தில் இருக்கின்றன. ஆண்டுக்கணக்கில் கிடங்கில் கிடந்து பேட்டரி தீர்ந்தால் எண்கள் அழிந்துபோகும். அந்த எண்கள் அந்த ஒரு கருவிக்கே உரியவை. இன்னொரு கருவியிலிருந்து நகல் எடுத்துப் போட முடியாது. கருவி இப்போது இருப்பது மழைக்காலத்தில் ஓதம் ஏறும் கிடங்கு. ஏலம் நடந்தாலும் நடக்காவிட்டாலும், அந்த எண்களைத் திரையில் வரவழைத்து ஒரு தாளில் எழுதி வைக்கும்படி மட்டுமாவது உடனே சொல்லுங்கள். அதற்கு ஒரு பேனாவும் அரை மணி நேரமும் போதும்.

சிக்னல் ஜெனரேட்டரின் கதை சின்னது. அது ஆன் ஆவதே இல்லை. பின்புற விசிறி தூசியடைத்து நின்றுபோனதில், பவர் சப்ளையின் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் வெந்து உப்பியிருக்கின்றன. காற்றுத் துளை வழியாக டார்ச் அடித்தாலே தெரிகிறது. கெப்பாசிட்டர்களையும் விசிறியையும் மாற்றிப் பார்க்காமல் அதன் ஆர்.எஃப். பகுதியைப் பற்றி நல்லதோ கெட்டதோ சொல்ல யாராலும் முடியாது. பட்டியலில் மட்டும் எப்படிச் சொன்னார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை.

அதே பட்டியலில் உள்ள மைக்ரோவேவ் பெஞ்சில் அலையை உண்டாக்கும் 2கே25 கிளைஸ்ட்ரான் குழாய் தாராளமாகப் போகட்டும். அந்தக் குழாய்க்கு இனி மாற்றுத் தேடுவது வீண். எக்ஸ் பேண்ட் (8 முதல் 12 கிகாஹெர்ட்ஸ்) சோதனைகளுக்கு, குறைகடத்தியால் இயங்கும் கன் (Gunn) ஆஸிலேட்டர் போதும். ஆனால் அலைக்குழாய்களும், துளைக்கோட்டு அளவியும், அலையை ஒரு திசையில் மட்டும் விடும் ஐசொலேட்டரும் கெடவில்லை. கிளைஸ்ட்ரான் போனதென்று பெஞ்ச் முழுவதையும் எடைக்குப் போடவேண்டாம்.

பழுதான எல்லாவற்றையும் கட்டிக்காக்க வேண்டும் என்று நான் வாதாடவில்லை. அனலைசரின் மிக்சரும் முதல் ஆஸிலேட்டரும் சேர்ந்து கருகியிருந்தால் இந்த மனுவை எழுதியிருக்கமாட்டேன்.

பல்கலைக்கழகங்களில் இதற்கு ஒரு வழி முன்பே போடப்பட்டிருக்கிறது. கருவிகளைப் பழுது பார்க்கவும் பராமரிக்கவும் பல்கலைக்கழக மானியக் குழுவின் உதவியோடு அறிவியல் கருவியியல் மையங்கள் தொடங்கப்பட்டன. பாலிடெக்னிக் கல்லூரிகளுக்கு அப்படி ஒன்று அமையவில்லை. ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2022ல் பழுது நீக்கும் உரிமைக்காகக் குழு அமைத்தபோது எடுத்துக்கொண்ட துறைகள் நான்கு: வேளாண் கருவிகள், கைபேசி உள்ளிட்ட மின்னணுப் பொருட்கள், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள். ஆய்வக அளவைக் கருவிகளை அங்கே யாரும் நினைக்கவில்லை. அதே ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகளோ ஆய்வகக் கருவிகளையும் அட்டவணையில் சேர்த்திருக்கின்றன; பழுது நீக்கி மறுபயன்பாட்டுக்குக் கொண்டுவருவோருக்கும் அவற்றில் இடம் உண்டு. உள்ளூர் இரும்புக்கடைக்காரருக்கு இவற்றை எடைக்கு ஏலம் விடுவது அந்த விதிகளின் நோக்கத்துக்கு ஒத்துவராது.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்து ஆலைகளில் கைபேசி சோதனை வரிசையில் நிற்கப்போவது இந்தக் கல்லூரிகளின் மாணவர்கள்தாம். வேலைக்கு எடுக்கும் நாளில் "ஸ்பெக்ட்ரம் அனலைசரைக் கையாண்டிருக்கிறாயா?" என்று கேட்பார்கள். பாடநூல் படத்தில் பார்த்தேன் என்று அவர்கள் பதில் சொல்ல வேண்டாம்.

ஆகவே தங்களிடம் நான் வேண்டுவது இவைதாம். இந்த இரு கருவிகளையும் ஏலப் பட்டியலிலிருந்து நீக்கி, மேலே சொன்ன சோதனையைத் தாங்கள் நம்பும் வேறு எவரைக் கொண்டேனும் மறுபடி செய்யச் சொல்லுங்கள். பழுது நீக்கும் பணிக்கு விலைப்புள்ளி கேட்கும்போது "உற்பத்தி நிறுவனம் அல்லது அதன் அங்கீகரிக்கப்பட்ட முகவர் மட்டும்" என்ற நிபந்தனையை, ஆதரவுக் காலம் முடிந்த கருவிகளுக்கு மட்டுமாவது தளர்த்துங்கள். பழுதின் செலவு புதிய கருவியின் விலையில் கால் பங்கைத் தாண்டுமானால் அப்போது கழிவு செய்துகொள்ளலாம்.

தங்களால் மட்டுமே செய்ய முடிந்தது இன்னொன்று. ஒவ்வொரு அரசினர் பாலிடெக்னிக் கல்லூரியிலும் பழுதாகிக் கிடக்கும் உயர் அதிர்வெண் கருவிகளை மாடல் எண்ணோடு ஒரே பட்டியலாகத் திரட்டச் சொல்லி ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். ஒரே மாடல் கருவி ஓரூரில் திரை போய்க் கிடக்கும், இன்னோரூரில் அட்டெனுவேட்டர் போய்க் கிடக்கும். இரண்டையும் ஓரிடத்தில் சேர்த்தால் ஒன்று ஓடும், மற்றது உதிரிபாகத்துக்கு ஆகும். இருப்புப் பதிவேடு கல்லூரிக்குக் கல்லூரி தனித்தனியாக இருப்பதால் இன்று இது யாருக்கும் தெரியாமல் போகிறது.

பழுது நீங்கிய பிறகு மீண்டும் கருகாமல் இருக்க, அனலைசரின் உள்ளீட்டில் 10 வாட் தாங்கும் 30 டெசிபெல் அட்டெனுவேட்டர் ஒன்றையும் நேர்மின்னோட்டத் தடுப்பி ஒன்றையும் நிரந்தரமாக மாட்டி வைக்கலாம். அதே வயர்லெஸ் செட்டை மறுபடி மாட்டினாலும் கருவிக்குள் போவது 5 மில்லிவாட்தான். 75 ஓம் 'என்' (N) வகை இணைப்பிகளை ஆய்வகத்தில் தனிப் பெட்டியில் வைக்கச் சொல்ல வேண்டும். அவற்றின் நடுத்துளை மெல்லியது. 50 ஓம் ஊசியைத் திணித்தால் விரிந்து பாழாகும்.

இந்த மனுவால் எனக்கு வேலை வரும் என்று எவரும் ஐயப்பட வேண்டாம். இக்கல்லூரிக் கருவிகளுக்கான விலைப்புள்ளி எதிலும் நான் கலந்துகொள்ளமாட்டேன். எவர் செய்தாலும் அருகிலிருந்து பார்க்கவும், மாணவர்களுக்கு விளக்கவும் கட்டணமின்றி வருவேன்.

தங்கள் ஆணை வரும்வரை ஏலத்தை ஒத்திவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)

இணைப்பு: அட்டெனுவேட்டர் சோதனையில் கருவித் திரையை எடுத்த புகைப்படங்கள் (ஒவ்வொரு படிக்கும் ஒன்று), ஏலப் பட்டியலின் நகல், அனுப்புநர் விவரத் தாள்.

நகல்: கல்லூரி முதல்வர் அவர்களுக்கும், துறைத்தலைவர் அவர்களுக்கும் தகவலுக்காக.