கழிவையும் எழுத்தில் வையுங்கள்: பெருந்தோட்டக் கம்பனிகளுக்கும் தொழிற்சங்கத் தலைவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய கம்பனி நிர்வாகிகளே, தொழிற்சங்கத் தலைவர்களே,

வணக்கம்.

தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் 1,350 ரூபாய் நாட்சம்பளம் 1,550 ஆகும், அரசின் பங்காக 200 ரூபாய் வருகைக் கொடுப்பனவும் சேர்ந்து 1,750 ஆகும் என்று இலங்கையின் 2026 வரவு செலவுத் திட்டம் அறிவித்தது. வாங்கித் தந்தது யார் என்ற சண்டையை நீங்கள் ஆறுதலாகப் போட்டுக்கொள்ளலாம். இந்த மடலில் கேட்பது வேறு. அந்தச் சம்பளத்தை எடுக்க எத்தனை கிலோ கொழுந்து பறிக்க வேண்டும்? கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் எத்தனை கிலோவைக் கழிப்பீர்கள்? இந்த இரண்டும் எந்தக் காகிதத்தில், யாருடைய ஒப்பத்தோடு எழுதப்பட்டிருக்கின்றன?

பழைய கதையை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. முதலாளிமார் சம்மேளனம் ஒரு பக்கம். இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ், இலங்கைத் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம், பெருந்தோட்டத் தொழிற்சங்கங்களின் கூட்டுக் கமிட்டி மறுபக்கம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மேசையில் இருந்து கூட்டு ஒப்பந்தத்தில் ஒப்பமிட்டீர்கள். 2019 ஜனவரியில் போட்ட ஒப்பந்தம் 2021 ஜனவரியோடு முடிந்தது. அந்த மார்ச்சில் சம்பள நிர்ணயச் சபையின் வழியாக 900 ரூபாய் அடிப்படையும் 100 ரூபாய் கொடுப்பனவும் சேர்த்து ஆயிரம் வர்த்தமானியில் வந்தது. கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்தைக் கைகழுவின. அன்று முதல் சம்பளத்தை வர்த்தமானி சொல்கிறது, கிலோவைத் தோட்டம் சொல்கிறது.

ஆயிரம் வந்த கையோடு பல தோட்டங்களில் 18 கிலோவாக இருந்த அளவு 20 ஆனது. எட்டாதவருக்கு அரைப் பேர் (அரை நாட்சம்பளம்), இல்லாவிட்டால் பறித்த கிலோவுக்குக் கணக்கு. கொழும்பில் கூட்டிக் கொடுத்ததை மலையில் குறைத்துக்கொள்ள இதைவிட எளிய வழி ஏது?

இனி மடுவத்துக்கு வருவோம். ஒரு நாளில் மூன்று நிறுவை. ஒவ்வொரு நிறுவையிலும் பைக்கு ஒரு கழிவு, தண்ணிக்கு ஒரு கழிவு, முத்தல் இலை என்று சில நேரம் இன்னொரு கழிவு. கணக்கப்பிள்ளை தராசைப் பார்ப்பார், ஒரு எண்ணைச் சொல்வார், துண்டுச் சீட்டில் வேறொரு எண் விழும். கூடையை முதுகில் சுமந்து வந்த பெண் தராசின் முகத்தைப் பார்க்க முடியாத பக்கத்தில் நிற்பாள்.

பழைய 1,350 ரூபாய்ச் சம்பளத்தை வைத்தே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். காலையில் 9, பகலில் 8, அந்தியில் 7, ஆக மொத்தம் 24 கிலோ. நிறுவைக்கு 2 கிலோ கழித்தால் 6 போய்விடும். துண்டில் 18. தோட்டத்து அளவு 20 என்றால் அவளுக்கு முழுப் பேர் இல்லை. கிலோவுக்கு 50 ரூபாய் என்று எண்ணிக் கொடுத்தால் 900 ரூபாய். கழிவு இல்லாமல் எழுதியிருந்தால் 1,350 ரூபாயும், மேலதிகமான 4 கிலோவுக்கு 200 ரூபாயும் சேர்த்து 1,550. வித்தியாசம் 650 ரூபாய், ஒரே நாளில். அந்த நாளின் ஊழியர் சேமலாப நிதியும் அதற்கேற்பச் சுருங்கும்.

கழித்த 6 கிலோ எங்கே போனது? அது தண்ணீர்தான் என்றால் ஆவியாகியிருக்கும். கொழுந்து என்றால் தொழிற்சாலைக்குப் போயிருக்கும். நாலரை, ஐந்து கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஒரு கிலோ தேயிலை என்பது உங்கள் தொழிற்சாலை அதிகாரிகளே சொல்லும் கணக்கு. அப்படியென்றால் ஒருத்தியின் ஒரு நாள் கழிவில் ஒரு கிலோவுக்கு மேல் தேயிலை கொழும்பு ஏலத்துக்குப் போகிறது. அதற்கு யாரும் சம்பளம் வாங்கவில்லை.

மழை நாளில் கொழுந்தில் தண்ணீர் நிற்காதா என்று கேட்பீர்கள். நிற்கும்; அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் வெயில் காய்கிற பெப்ரவரியிலும் அதே 2 கிலோ கழிகிறதே, அது எந்த மழை? பையின் எடையை ஊகிக்கத் தேவையில்லை: வெற்றுப் பையைத் தராசில் போட்டால் தெரிந்துவிடும். ஈரத்தையும் ஊகிக்கத் தேவையில்லை: மடுவத்துக்கு வந்த கொழுந்தில் ஒரு கிலோ மாதிரி எடுத்து, விசிறிக் காற்றில் மேல் ஈரம் மட்டும் போகும்வரை பரப்பி, வாடத் தொடங்குமுன் மறுபடி நிறுத்தால் அன்றைய விகிதம் கிடைக்கும். அதை அன்றைக்கே பலகையில் எழுதுங்கள். மடுவங்களில் எழுதிய கிலோவின் மொத்தத்தையும், தொழிற்சாலை வாசலில் இறக்கிய கிலோவின் மொத்தத்தையும் மாதக் கடைசியில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒத்து வந்தால் யாரும் வாய் திறக்கப் போவதில்லை.

கிலோ அளவும் இப்படித்தான். கவ்வாத்து வெட்டி (செடியைக் கத்தரித்து) மூன்று வருடமான மலையும், வெட்டிச் சில மாதமான மலையும் ஒன்றா? தண்டுத் துண்டிலிருந்து வளர்த்த வீ.பி. தேயிலை நெருங்கி நிற்கும் மலைக்கும், பாதிச் செடி செத்துப் புல் மண்டிய பழைய மலைக்கும் ஒரே 20 கிலோவா? உரம் போடுவதும் புல் வெட்டுவதும் நிர்வாகத்தின் வேலை. 2021இல் இரசாயன உர இறக்குமதியை அரசு நிறுத்தியபோது துளிர் குறைந்தது. பறிக்கும் கை குறையவில்லை. வாரத்துக்கு ஒருமுறை வர வேண்டிய பறிப்புச் சுற்று இரண்டு வாரமானால் இலை முற்றும். அதற்கும் கழிவு பறித்தவள் தலையில்.

சம்பளத்தில் வெட்டினால் சட்டம் கேள்வி கேட்கும். என்னென்ன காரணத்துக்குக் கழிக்கலாம் என்பதற்கு வரையறை உண்டு. நிறையில் வெட்டினால் அது சம்பளக் கழிவாகவே கணக்கில் வருவதில்லை. இந்த ஓட்டையைச் சம்பள நிர்ணயச் சபை அடைக்காது, ஒரு தோட்டத்தின் எந்த மலையில் எத்தனை கிலோ என்று சபை உட்கார்ந்து எழுதவும் போவதில்லை. அதைக் கூட்டு ஒப்பந்தம்தான் செய்ய முடியும். 1950ஆம் ஆண்டின் கைத்தொழில் பிணக்குச் சட்டத்தின் கீழ் வர்த்தமானியில் வந்த ஒப்பந்தம் இரு தரப்பையும் கட்டும், மீறினால் குற்றம். 1999ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, தான் யாருக்காகப் பேச வருகிறதோ அந்தத் தொழிலாளரில் குறைந்தது 40 சதவீதத்தை உறுப்பினராகக் கொண்ட சங்கத்தோடு பேச மறுப்பது முறையற்ற தொழில் நடைமுறை. கூட்டாகப் பேரம் பேசும் உரிமை குறித்த சர்வதேசத் தொழில் அமைப்பின் 98ஆம் உடன்படிக்கையை இலங்கை 1972இலேயே ஏற்றுவிட்டது. கம்பனி நிர்வாகிகளே, மேசைக்கு வாருங்கள் என்று கேட்பது சலுகையல்ல.

தலைவர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. 2016இல் நீங்கள் கொண்டு வந்த 730 ரூபாயில் அடிப்படைச் சம்பளம் 500தான். 140 ரூபாய் கிலோ அளவு எட்டினால், 60 ரூபாய் 75 சதவீத நாட்கள் வேலைக்குப் போனால், 30 ரூபாய் தேயிலை விலையின் பங்காக. கமராவுக்கு முன்னால் மொத்தத் தொகையைச் சொன்னீர்கள். அந்த ‘எட்டினால்’, ‘போனால்’ இரண்டையும் காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை சொல்லித்தான் ஆட்கள் தெரிந்துகொண்டார்கள். கம்பனிகள் சம்பளத்தில் சங்கச் சந்தா பிடித்துத் தருவது நின்றபோது எழுந்த சத்தத்தில் கால்வாசி, 18 கிலோ 20 ஆனபோது எழும்பியிருக்கலாம். தேர்தல் வந்தால் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசல்வரை வருகிறவர்களுக்கு மடுவம் தூரமில்லை. ஒருநாள் அந்தி நிறுவைக்குப் போய் நின்று பாருங்கள்.

கோபமாகப் பேசிவிட்டதற்குப் பொறுத்தருள வேண்டும். கேட்பது இவ்வளவுதான்: கூட்டு ஒப்பந்தத்தை மறுபடி எழுதுங்கள், அதில் கழிவையும் கிலோ அளவையும் எழுத்தில் வையுங்கள். கிலோ அளவை மலைக்கு மலை, மாதத்துக்கு மாதம், நிர்வாகமும் தோட்டக் கமிட்டியும் சேர்ந்து முடிவுசெய்து பிரட்டுக்களத்தில் ஒட்ட வேண்டும். பைக்குத் தராசில் கண்ட எடை, ஈரத்துக்கு அன்றைய விகிதம், இவை தவிர வேறு கழிவு கூடாது. தராசு முத்திரை பதித்ததாகவும், பறித்தவருக்கு எண் தெரியும்படி திருப்பி வைத்ததாகவும் இருக்க வேண்டும். ஒவ்வொரு நிறுவைக்கும் மொத்த எடை, கழிவு, மிச்சம் மூன்றும் எழுதிய துண்டு கையில் கிடைக்க வேண்டும். தகராறு வந்தால் அதே இடத்தில் மறு நிறுவை.

இதில் எதற்கும் கம்பனிக்குப் பெரிய செலவில்லை. அடுத்த பேச்சுவார்த்தைக்கான திகதியை விரைவில் அறிவித்து, நிகழ்ச்சி நிரலில் சம்பளத் தொகைக்கு முன்னால் கழிவைப் போடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மலையகத் தொழிலாளர் நலனில் அக்கறை கொண்டோர்