ஸ்டிக்கரை உரித்துக் கொடுத்த அம்மாவுக்கும் உடன் நின்ற அனைவருக்கும்

மதிப்பிற்குரிய உணவு வங்கி அன்பர்களுக்கு,

வணக்கம். எங்கள் வருமானத்தில் அடுப்பு எரியாத நாள்களில், மிஞ்சும் உணவைச் சேகரித்து இல்லாதவர்களுக்கு வழங்கும் உங்கள் உணவு வங்கிதான் எங்களைத் தாங்கியது. எங்கள் வீட்டுக்கு என்ன நேர்ந்தது என்பது இதை வாசிக்கும் பெரும்பாலானோருக்குத் தெரியும் என்பதால், அதை இங்கே மறுபடியும் விவரிக்கப் போவதில்லை. இந்த மாதச் சம்பளம் கைக்கு வந்துவிட்டது. இனி நம் வருமானத்திலேயே அடுப்பு எரியும் என்று என் மனைவி நேற்று இரவு சொன்னார். அந்த நிம்மதியின் சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. நாள் கடந்தால் இதெல்லாம் மரியாதைக்காகச் சொல்லும் ஒற்றை வரியாகச் சுருங்கிவிடுமோ என்ற அச்சமும் இருக்கிறது.

முதல் நன்றி, பொருள் வழங்கும் மேசையின் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாவுக்கு. பெயரைப் போட்டு எழுதினால் அவர் விரும்பமாட்டார். யாரைச் சொல்கிறேன் என்பது அங்கே வந்து போகிறவர்களுக்குத் தெரியும். நான் முதன்முறை வந்த அன்று, என் பையில் பொருள்களை அடுக்கிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தி, "தம்பி, உங்கள் பிள்ளைகளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியுமா?" என்று கேட்டார். எதற்காகக் கேட்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. பெரியவள் நன்றாகவே படிப்பாள், சின்னவன் இப்போதுதான் கண்ணில் பட்டதையெல்லாம் உரக்க எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கிறான் என்று சொன்னேன். அவர் பதில் எதுவும் சொல்லாமல், பைக்குள் வைத்ததை எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார்.

ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் 'நன்கொடை, விற்பனைக்கு அல்ல' என்ற மஞ்சள் ஸ்டிக்கர் இருந்தது. அதுவரை நான் அதைக் கவனிக்கவே இல்லை. அவர் நகத்தால் ஓரத்தை நெம்பி, கிழியாதபடி மெல்ல உரித்தார். உரிய மறுத்ததை ஈரத்துணியால் சற்று நேரம் ஒற்றிவைத்து உரித்தார். பிசுபிசுப்பு மிஞ்சிய இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் தடவித் துடைத்தார். பால்மாவு டின்னில் ஒட்டியிருந்தது மட்டும் எதற்கும் மசியவில்லை. எழுந்து உள்ளே போய், ஸ்டிக்கர் சரியாக ஒட்டாமல் ஓரம் தூக்கிக்கொண்டிருந்த வேறொரு டின்னைத் தேடி எடுத்து வந்தார். எனக்குப் பின்னால் வரிசை வாசல்வரை நீண்டிருந்தும் ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. அது ஏன் என்று பிறகுதான் புரிந்தது: அந்த வரிசையில் நின்ற பிள்ளைக்காரர்கள் பலருக்கும் அவர் முன்பே இதைச் செய்து கொடுத்திருக்கிறார்.

அந்த ஸ்டிக்கரை நான் குறை சொல்லவில்லை. பொருள் வெளிச்சந்தைக்குப் போய்விடக் கூடாது, கொடுத்தவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்பதற்காகத்தான் அதை ஒட்டுகிறார்கள். அந்தக் கவலை நியாயமானது. அந்த அம்மாவுக்கும் அது தெரியும். உரித்த ஸ்டிக்கர்களை எல்லாம் பதிவேட்டில் என் எண்ணுக்கு நேரே வரிசையாக ஒட்டிவைத்து, பக்கத்தில் தேதியிட்டு, என்னிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். அன்று மாலை பையைப் பிரித்த என் மகனுக்கு வழக்கம்போல் அப்பா வாங்கிவந்த சாமான்களாகவே அவை தெரிந்தன. ஒரு டின்னின் மேல் இருந்த பெயரைச் சத்தமாக எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு விளையாடப் போய்விட்டான்.

உணவு இல்லை என்பதைவிட, இருக்கிற உணவை வாங்க ஆட்கள் வரத் தயங்குகிறார்கள் என்பதுதான் பல வாரங்களில் பெரிய தொல்லையாக இருக்கிறது என்று உங்கள் ஒருங்கிணைப்பாளர் ஒருமுறை சொன்னார். பெரியவர்கள் தங்கள் தட்டில் குறைத்துக்கொண்டு பிள்ளைகளுக்குப் பரிமாறிச் சமாளிப்பார்களாம். யார் கண்ணிலாவது பட்டுவிடுவோமோ என்று வரிசைப் பக்கம் தலைகாட்டமாட்டார்களாம். நீங்கள் ஏன் பெயரையும் தொலைபேசி எண்ணையும் குடும்பத்தில் எத்தனை பேர் என்பதையும் கேட்பதோடு நிறுத்திக்கொள்கிறீர்கள், ஏன் பை எல்லாம் சாதாரணக் கடைப் பை போலவே இருக்கின்றன என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கிடங்கும் வண்டியும் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அந்தக் கடைசி நாற்காலியில் உட்காரத் தகுந்த ஒருவர் இல்லையென்றால் பாதிப் பொருள் அலமாரியிலேயே தங்கிவிடும் என்பது என் எண்ணம்.

காத்திருந்த நேரங்களில் வேறு சிலவும் கற்றுக்கொண்டேன். பொட்டலத்தில் இருக்கும் தேதியைப் பார்த்து நான் தயங்கியபோது, தரம் பிரிக்கும் மேசையில் இருந்த இளைஞர் பொறுமையாக விளக்கினார்: 'இதற்குள் பயன்படுத்த வேண்டும்' என்பது பாதுகாப்புக்கான எல்லை, அதைத் தாண்டியதை அவர்கள் யாருக்கும் தருவதில்லை, 'இதற்கு முன் பயன்படுத்தினால் சிறந்தது' என்பது சுவையையும் தரத்தையும் பற்றிய குறிப்பு மட்டுமே, முறையாக வைத்திருந்த உலர்பொருள் அந்தத் தேதிக்குப் பிறகும் உண்ணத் தகுந்ததாகவே இருக்கும். ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 105 கோடி டன் உணவு கடைகளிலும் உணவகங்களிலும் வீடுகளிலும் வீணாகியிருக்கிறது. அதில் பெரும்பங்கு வீடுகளில் வீணானது என்று அவர் சொன்னபோது, எங்கள் வீட்டில் வசதியாக இருந்த நாள்களை நினைத்துக்கொண்டேன்.

இந்த ஏற்பாட்டுக்கு வங்கி என்று பெயர் வந்த கதையும் அவர் சொன்னதுதான். அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் ஏழைகளுக்கான உணவுக் கூடத்தில் தொண்டு செய்துவந்த ஜான் வான் ஹெங்கலிடம், கடைகளின் குப்பைத் தொட்டியில் தேடிப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவந்த ஒரு தாய், தூக்கி எறிவதைப் பணம்போல் ஓரிடத்தில் போட்டுவைத்து வேண்டியவர் எடுத்துக்கொள்ள வழி இருக்கக்கூடாதா என்று கேட்டாராம். அந்தப் பேச்சிலிருந்து 1967-இல் செயின்ட் மேரிஸ் உணவு வங்கி பிறந்தது. முதல் யோசனையைச் சொன்னவர் பசித்திருந்த ஒரு தாய் என்பதைக் கேட்டதும், வரிசையில் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நிற்க முடிந்தது.

மற்றவர்களுக்குத் தனித்தனியே எழுதினால் இம்மடல் முடியாது. விடிவதற்கு முன் குளிர்பதன வண்டியை எடுத்துக்கொண்டு போய்க் கெடக்கூடியதைக் கெடுவதற்குள் கொண்டுவரும் ஓட்டுநர்கள், அழுகல் பார்த்து ஒதுக்கும் கைகள், எடை போட்டு எழுதுபவர்கள், படியேற முடியாதவர்களுக்கு வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பவர்கள், மாதந்தோறும் சொல்லாமல் பணம் செலுத்துபவர்கள் என எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். விற்காததை அழிக்காமல் கொடுத்துவரும் கடை மேலாளர்களுக்கும் நன்றி. பிரான்சில் பெரிய அங்காடிகள் அப்படிச் செய்தாக வேண்டும் என்று 2016-இல் சட்டமே வந்திருக்கிறது. நீங்களோ எவரும் கேட்பதற்கு முன் கொடுக்கத் தொடங்கியவர்கள்.

கொடுக்க நினைப்பவர்களிடம், வாங்கியவன் என்ற உரிமையில் ஒன்று கேட்கிறேன். அலமாரியின் பின்பக்கத்தில் மறந்துபோனதை எல்லாம் பெட்டியில் கட்டி அனுப்பாதீர்கள். காலாவதியானதைப் பொறுக்கி எடுத்து அப்புறப்படுத்துவதற்கே தன்னார்வலர்களின் காலைப்பொழுது கரைவதைப் பார்த்திருக்கிறேன். என்ன கொடுப்பது என்று தெரியாவிட்டால் பணமாகக் கொடுங்கள். மொத்தமாக வாங்கும்போது அதே தொகைக்குக் கூடுதலாகக் கிடைக்கும், எது குறைகிறதோ அதை அவர்களே வாங்கிக்கொள்வார்கள்.

என் பங்குக்கு, சம்பளம் வரும் ஒவ்வொரு மாதமும் எங்கள் வீட்டுச் சாமான் பட்டியலைப் போடுவதற்கு முன் உங்களுக்கான தொகையை எடுத்துவைப்பது என்று நானும் மனைவியும் முடிவு செய்திருக்கிறோம். விடுமுறை நாளில் மூட்டை இறக்கவோ எடை பார்த்து எழுதவோ ஆள் தேவைப்பட்டால் என் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் தொலைபேசி எண் உங்கள் பதிவேட்டிலேயே இருக்கிறது. எங்கள் பெயரில் மாதந்தோறும் ஒதுக்கிவந்த பையை அடுத்த மாதத்திலிருந்து வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிடுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

என்றும் நன்றியுடன்,
உங்கள் வரிசையில் நின்ற ஒருவன்